கிரேனில் ஏறிய பாதுஷா

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினார்கள். வயிற்றில் எவ்வளவு ஒதுக்கிவிடுவார்கள், குடலை எங்கே வெட்டி எங்கே தைப்பார்கள், எத்தனை நாள் தண்ணீர், எத்தனை நாள் கூழ், எல்லாம். நாக்கைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வயிறுதான் சின்னதாகும், நாக்கு பழைய அளவிலேயே இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரி மேல் வைக்கிற பெரிய கிரேன். பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடி கேபின். அதில் உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடித் தரை வழியாகக் கீழே பார்த்தபடியே வேலை. பதினெட்டு வருஷமாக அதுதான் என் சீட். கடைசி வருஷத்தில் என் எடை நூற்று முப்பத்தாறு கிலோ. குனிந்தால் கண்ணாடி தெரியாது, என் தொந்திதான் தெரியும். ஒரு பக்கமாகச் சாய்ந்து, என் வயிற்றை நானே எட்டிப் பார்த்துப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி வேறு. அதனால் பகலில் கண் சொக்கும். கம்பெனி டாக்டர் ஒரே கையெழுத்தில் என்னைக் கீழே இறக்கிவிட்டார்.

கீழே என்றால் யார்டு கேட். உள்ளே வருகிற லாரியின் கன்டெய்னர் நம்பரைப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கிறீச்சிடும் ஒரு ஃபேன், முகமெல்லாம் நிலக்கரித் தூசி. அங்கிருந்து பார்த்தால் என் கிரேன் நன்றாகத் தெரியும். வேறு எவனோ ஓட்டுவான். பெட்டியை ஊஞ்சல் மாதிரி ஆட்டி ஆட்டி இறக்குவான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த சீட்டைத் திரும்பப் பிடிப்பதற்காகத்தான் நான் வயிற்றை வெட்டிக்கொண்டேன். அழகுக்காக இல்லை. ஆயுசு கூடும் என்று டாக்டர் சொன்னதுகூட அப்போது காதில் ஏறவில்லை.

இதை வேலை செய்கிற இடத்தில் ஒருவனிடமும் சொல்லவில்லை. ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லி லீவு போட்டேன். கம்பெனி டாக்டருக்கு மட்டும்தான் உண்மை தெரியும். தின்பதை நிறுத்தத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்தவன் என்று பெயர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. துறைமுகத்தில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் விழுந்தால் அவன் ரிட்டையராகிப் போன பிறகும் அது அங்கேயே இருக்கும்.

ஆபரேஷன் முடிந்து முதல் மாதம் பசி என்பதே இல்லை. ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன் ரூமில் உட்கார்ந்து, அரை டம்ளர் பருப்புத் தண்ணீரை ஒரு மணி நேரம் குடிப்பேன். மனைவி பக்கத்தில் செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வாய், இரண்டு நிமிஷம் சும்மா, மறுபடி ஒரு வாய். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, தண்ணீர் குடிக்கும்போது சாப்பாடு கூடாது. எடை மளமளவென்று இறங்கியது. பேன்ட் எல்லாம் தொளதொளத்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று நினைத்தேன்.

இரண்டாவது மாதம் ஆரம்பித்தது தொல்லை. பசி இல்லை, ஆசை மட்டும் வந்தது. எல்லாவற்றுக்கும் இல்லை. பிரியாணி வாசனை அடித்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வேன். வறுத்த வஞ்சிரத்தை மனைவி என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள், எனக்கு ஒன்றுமில்லை. இரண்டே இரண்டுக்குத்தான் உயிர் போனது. ஒன்று பாதுஷா. மேலே சர்க்கரை வெள்ளையாகப் பூத்துக் கடித்தால் உள்ளே பாகு கசிகிறதே, அந்த பாதுஷா. இன்னொன்று பன்னீர் சோடா. ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு, சோடாக்காரர் பாட்டிலை எடுத்துத் துடைத்து, மூடியைத் திறக்கும்போது வருகிற அந்தச் சத்தம். பதினெட்டு வருஷமும் ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தால் முதல் வேலை அதுதான். கேபினில் உட்கார்ந்து உட்கார்ந்து இறுகிப்போன கழுத்து அந்த முதல் மடக்கில்தான் இளகும். ஏப்பம் வந்தால் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம்.

டயட் சொல்லித்தருகிற அம்மா ஆஸ்பத்திரியில் நிதானமாகத்தான் எச்சரித்திருந்தார். "சார், சோடாவுல கேஸ் இருக்கு, உங்களுக்கு இப்போ இருக்கிற வயிறு அதைத் தாங்காது. ஸ்வீட் அதைவிட மோசம். சர்க்கரை வயித்துல நிக்காம நேரா குடலுக்குள்ள கொட்டிடும். நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், தலை சுத்தும். இதுக்குப் பேர் டம்பிங்." நான் சிரித்துவிட்டேன். எங்களுக்கு டம்பிங் என்றால் லாரியைத் தூக்கி நிலக்கரியைக் கொட்டுவது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

சிரிப்பு அந்த இரண்டாவது மாதமே அடங்கியது. பங்குக் கோயில் திருவிழா. பக்கத்து வீட்டிலிருந்து தட்டில் ஜிலேபி வந்தது. மனைவி நவநாள் ஜெபத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒன்றை எடுத்து நான்கே கடியில் முடித்தேன். கால் மணி நேரத்தில் பாத்ரூம் தரையில் கிடந்தேன். நெஞ்சு தடதடவென்று அடித்தது. பனியன் பிழிகிற மாதிரி வேர்வை. கண்ணுக்கு முன்னால் சுவர் நழுவியது. மனைவி வந்து பார்த்து, "மாதாவே!" என்று கத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, விசிறியால் பாதி விசிறி மீதி அடித்தாள்.

"இன்னாத்துக்குங்க இத துன்னீங்க? செத்துப் போறதுக்கா அவ்ளோ பாடுபட்டு வெட்டிக்கினீங்க?"

அன்றே வீட்டிலிருந்த சர்க்கரை டப்பா காணாமல் போனது. அவள் காபிக்கு எங்கிருந்து எடுக்கிறாள் என்று இரண்டு நாள் வேவு பார்த்தேன். மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். அங்கே கை வைக்க எனக்கு மனசு வராது என்று கணக்குப் போட்டிருக்கிறாள், பாவம். வைத்தேன். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். ஐம்பது வயதை நெருங்குகிற ஆள், ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் போட்டுக்கொண்டு, படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. அடுத்த நாளும் அதையே செய்தேன்.

எனக்கு ஒரு திமிர் உண்டு. முப்பது டன் பெட்டியை, லாரி டிரைவருக்குத் தன் வண்டி மேல் ஏதோ வைத்தார்கள் என்பதே தெரியாத அளவுக்குப் பூப்போல இறக்குகிறவன் நான். பெட்டியைத் தடாலென்று விட்டால் வண்டி உடையும். கடைசி ஒரு அடியை அங்குலம் அங்குலமாக இறக்கினால் ஒன்றும் ஆகாது. அப்படியானால் ஜிலேபியில் என்ன தப்பு? ஜிலேபி தப்பில்லை, நான் இறக்கிய வேகம்தான் தப்பு. இப்படித்தான் யோசித்தேன். பாதுஷாவைச் சுண்டு விரல் நகம் அளவுக்குக் கிள்ளி, வாயில் கூழாகும்வரை மென்று, ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக இறக்கினேன். பன்னீர் சோடாவில் கேஸ்தானே வேண்டாம் என்றார்கள்? காலையில் மூடியைத் திறந்து அலமாரியில் வைத்தால் சாயங்காலத்துக்குள் கேஸ் எல்லாம் போய்ச் சப்பென்று ஆகிவிடும். அதை ஸ்பூனில் குடித்தேன். ரோஸ் வாசனையில் வெறும் சர்க்கரைத் தண்ணீர் அது. சர்க்கரையையும் அந்த அம்மா வேண்டாம் என்று சொன்னதை நான் வசதியாக மறந்துவிட்டேன்.

கொஞ்சம் வேர்க்கும். லேசாகப் படபடக்கும். வெயில் காலம் என்று சொல்லிக்கொள்வேன். கீழே விழவில்லை அல்லவா, அப்புறம் என்ன. டாக்டருக்கே தெரியாத ஒரு வித்தையைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

நாலு மாதத்தில் முப்பது கிலோ இறங்கினேன். லீவு முடிந்து யார்டு கேட்டுக்குத் திரும்பியதிலிருந்தே பார்க்கிறவன் எல்லாம் வாயைப் பிளந்தான். எல்லாரையும்விட அதிகமாகப் பிளந்தது என் தோஸ்து. அவன் லேஷிங் மேஸ்திரி. கப்பலில் கன்டெய்னர்களைக் கட்டியிருக்கும் இரும்புக் கம்பிகளை அவிழ்ப்பதும் கட்டுவதும் அவனுடைய கேங்கின் வேலை. நான் மேலே இருந்து பெட்டியைத் தூக்கினால் அதற்குக் கீழே நிற்பது அவனும் அவன் ஆட்களும்தான். திருவொற்றியூர்க்காரன், என் வயது, அவனும் தடியன். முட்டி வலி. கன்டெய்னர் மேல் ஏற முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். தன்னையும் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவனுக்கும் பயம்.

"மாமு, இன்னா மாமு பண்ண? பாதி ஆளு காணோம்! சொல்லு, நானும் பண்றேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். என்ன தோன்றியதோ, வாயில் வந்ததைச் சொன்னேன். காலையில் காசிமேடு வரைக்கும் நடக்கிறேன், ராத்திரி கேழ்வரகுக் கூழ், ஸ்வீட்டையும் சோடாவையும் அடியோடு விட்டுவிட்டேன் என்றேன். கடைசியில் சொன்னதைச் சொல்லும்போது என் பேன்ட் பாக்கெட்டில் பேப்பரில் மடித்த பாதுஷாத் துண்டு ஒன்று இருந்தது. அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். மறுநாளிலிருந்து அவன் நடக்கிறான் என்று கேள்விப்பட்டேன். நல்லதுதானே, நடந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

எட்டாவது மாதம் கம்பெனி டாக்டர் என்னை மறுபடி சோதித்தார். மூச்சு, பிரஷர், கண், தூக்கம் எல்லாம் சரி. மேலே போகலாம் என்று கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"ஒரே ஒரு கண்டிஷன். தலைசுத்தல், மயக்கம், படபடப்பு, மேல இருக்கும்போது ஒரு தடவை வந்தாலும் லாக் புக்ல காரணத்தோட எழுதணும். மறைச்சீங்கன்னு தெரிஞ்சா அப்புறம் அந்த சீட்டை மறந்துடுங்க."

"வராது சார்," என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

எங்கள் கேங்கில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிதாக வருகிற ஆபரேட்டரோ, ரொம்ப நாள் கழித்துத் திரும்புகிறவனோ, முதல் நாள் மேலே ஏறுவதற்கு முன்னால் கிரேனின் காலடியில் நிற்க வேண்டும். லேஷிங் ஆட்கள் ஸ்வீட் கொடுப்பார்கள். அதை அவர்கள் கண்ணெதிரே தின்ன வேண்டும். கலர் சோடாவும் உண்டு. அதற்கப்புறம்தான் அவர்கள் அவனுடைய பெட்டிக்குக் கீழே போவார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது, ஆனால் விடாமல் கட்டிக் காப்பாற்றியவன் நான்தான். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் புதிதாக வந்த ஒரு ஆபரேட்டர், சுகர் இருக்கிறது, வேண்டாம் என்று லட்டைத் தள்ளினார். "அர லட்டு துன்னா செத்துப் பூட மாட்ட. கீய நிக்கிறவன் உசுரு ஒன் கையில கீது, அவன் குடுக்கறத வேணாம்னுவியா?" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினேன். அந்த ஆள் கண்ணில் தண்ணீர் வரத் தின்றார்.

இப்போது என் முறை. காலை ஷிஃப்ட். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை. கேங்கில் பத்துப் பேரும் ஹெல்மெட்டோடு நின்றார்கள். என் தோஸ்து கையில் அட்டைப் பெட்டி. திறந்தான். பாதுஷா.

"ஒனக்குப் புடிச்சதுன்னு தேடி வாங்கியாந்தேன் மாமு. நீ வுட்டுட்டன்னு தெரியும், இன்னிக்கு ஒரு நாளு மட்டும். எனக்கோசரம்."

வழக்கத்துக்காகத் தின்றேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டு மீதியைப் பாக்கெட்டில் வைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது. ஆறு மாதமாகத் திருடித் திருடித் தின்றவனுக்குப் பத்துப் பேர் கைதட்ட, வெளிச்சத்தில் ஒரு முழு பாதுஷா. பாதியை அங்கேயே கடித்தேன். அந்தப் பாகு நாக்கில் பட்டதும் அழுகையே வந்துவிட்டது. மீதிப் பாதியையும், ஒருவன் நீட்டிய பன்னீர் சோடா பாட்டிலையும் எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். மேலே போய் பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கி கேஸை விட்டேன். என் வித்தை கையில் இருக்க என்ன பயம்?

சீட்டில் உட்கார்ந்தேன். குனிந்தேன். கண்ணாடி தெரிந்தது. என் இரண்டு முட்டிகளுக்கும் நடுவில், தடையே இல்லாமல், கப்பல், லாரி, மஞ்சள் ஹெல்மெட்டுகள் எல்லாம் தெரிந்தன. அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. முதல் பெட்டி, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கடி, ஒரு மடக்கு. மெதுவாகத்தான் இறக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாவது பெட்டி போவதற்குள் பாதுஷாவும் தீர்ந்தது, பாட்டிலும் காலி.

எட்டாவது நாற்பதடிப் பெட்டி. கப்பலுக்கு மேலே தூக்கி லாரிப் பக்கம் கொண்டுவந்துகொண்டிருந்தேன். உள்ளங்கை நனைந்தது. லீவர் வழுக்கியது. அடுத்த நொடி நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி அடிக்க ஆரம்பித்தது. வயிற்றை உள்ளே முறுக்கியது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் லாரி இரண்டாகத் தெரிந்தது. லாரிக்குப் பக்கத்தில் லேஷிங் ஆள் ஒருவன், பெட்டியின் அடியில் இருக்கிற பூட்டைக் கழற்றத் தயாராக, அண்ணாந்து என் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது நான் மாதாவைக் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு லாரியில் எது நிஜம் என்று பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். கடைசி ஒரு அடியில், பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, பெட்டியைத் தடாலென்று விட்டேன். லாரியின் ஓரத்தில் இடித்துச் சாய்ந்து உட்கார்ந்தது. பக்கத்தில் நின்றவன் பின்னால் தாவினான். தாவியவன் எழுந்து நிற்கிறான் என்று தெரிகிறவரைக்கும் நான் மூச்சு விடவில்லை.

வாக்கி டாக்கியில் தோஸ்தின் குரல். "மாமு, இன்னா ஆச்சு? தூங்கிட்டியா இன்னா?"

"ரிலீஃப் அனுப்பு," என்றேன்.

இன்னொரு ஆபரேட்டர் வந்து என்னை எழுப்பி லிஃப்டில் ஏற்றினார். கீழே கிரேனின் காலடியில், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கைதட்டினார்களே, அதே இடத்தில் ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்தேன். கேங்கே கூடிவிட்டது. என்னைப் பார்த்ததும் தோஸ்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

"பழசு! பழைய பாதுஷாவ தலையில கட்டிட்டான் அந்த கடக்காரன்! டேய், வேற யாருக்குனா வவுத்த கலக்குதா?"

அதுவரைக்கும் நன்றாக இருந்த இரண்டு பேர் உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆமாம், என்னவோ செய்கிறது என்றார்கள். தோஸ்து மீதி ஸ்வீட்டைப் பெட்டியோடு குப்பையில் வீசினான். கடைக்காரருக்குப் போன் போட்டுக் கிழி கிழியென்று கிழித்தான். ஷிஃப்ட் முடிஞ்சு வரேன், உன் கடைய நாஸ்தி பண்ணிடுவேன் என்று மிரட்டினான். பாவம் அந்த மனுஷன், பாதுஷா காலையில் போட்டது, சத்தியம் என்று கெஞ்சுவது எனக்கே கேட்டது. லாக் புக்கை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் வந்தார். நான் வாய் திறப்பதற்குள் தோஸ்தே சொன்னான்.

"ஃபுட் பாய்சன்னு எயுதிக்க சார். நாங்க எல்லாரும் சாட்சி."

எவ்வளவு அழகான வழி. ஃபுட் பாய்சன் யாருக்கும் வரும். நாளைக்குச் சரியாகிவிடும். சீட் என்னுடையதாகவே இருக்கும். நான் தலையை மட்டும் ஆட்டினால் போதும். ஆட்டத்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் தலை பாதி ஆடிவிட்டது.

அதற்குள் ஒருவன் ஓடிவந்தான். பெட்டி இடித்தபோது பின்னால் தாவினானே, அவன்தான். முழங்கையில் சிராய்ப்பு, ரத்தம்கூடத் துடைக்கவில்லை. கையில் ஜில்லென்று ஒரு பன்னீர் சோடா, அதில் குளுக்கோஸ் பவுடரை வேறு கொட்டியிருந்தான். நுரை பொங்கி வழிந்தது.

"இத ஒரே மூச்சுல குடி நைனா. வவுத்துல கீற கலீஜெல்லாம் ஏப்பத்துல பூடும், தெம்பும் வந்துரும்."

எங்கள் ஊரில் எல்லா வயிற்று நோவுக்கும் அதுதான் மருந்து. நானே எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதைக் குடித்தால் இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரிந்தது, அதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. அந்த நிமிஷத்திலும், வேர்வையில் குளித்து, குடல் முறுக்கி, நெஞ்சு அடித்துக்கொண்டிருந்த அந்த நிமிஷத்திலும், எனக்கு அது வேண்டும்போல் இருந்தது.

"வேணாம்பா."

"குடி மாமு, அடம் புடிக்காத." தோஸ்து என் தாடையைப் பிடித்துப் பாட்டிலை வாயருகே கொண்டுவந்தான்.

தட்டிவிட்டேன். பாட்டில் உருண்டு போனது. "குடிக்கக் கூடாதுடா எனக்கு! வயித்த வெட்டி வெச்சிருக்கான்! ஹெர்னியாவும் இல்ல, ஒரு மயிரும் இல்ல. ஸ்வீட்டு துன்னா இப்படித்தான் ஆவும்னு தெரியும், தெரிஞ்சேதான் துன்னேன்!"

சத்தமாகத்தான் சொன்னேன். கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பட்டப்பெயர் வைப்பான் என்று நான் பயந்த ஒவ்வொருவனும் தலை குனிந்து தரையைப் பார்த்தான். சோடா கொண்டுவந்தவன் தன் முழங்கையைப் பார்த்தான், பிறகு மேலே பெட்டி வந்த வழியைப் பார்த்தான். போய்ப் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தான்.

சூப்பர்வைசரிடம் புத்தகத்தை வாங்கி நானே எழுதினேன். இனிப்பு சாப்பிட்டதால் மேலே தலைசுற்றல் வந்தது, சாப்பிடக் கூடாது என்று முன்பே தெரியும். கையெழுத்துப் போட்டேன். மத்தியானத்துக்குள் கம்பெனி டாக்டர் போன் வந்துவிட்டது. மூன்று மாதம் யார்டு கேட், அதற்கப்புறம் மறுபடி சோதனை, அதற்கப்புறமும் உறுதி சொல்ல முடியாது. அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே ஃபேன்.

தோஸ்து என் பக்கமே வரவில்லை. கடைக்காரருக்குப் போன் செய்து, அண்ணே, தப்பு உங்க மேல இல்ல என்று சொன்னதை மட்டும் கேட்டேன். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தோம். எனக்கு முன்னால் விந்தி விந்தி நடந்தான். கேட்டுக்கு எதிரே சோடாக் கடையில் நின்றான். நானும் நின்றேன். ஒரு பன்னீர் சோடா கேட்டான், ஒன்றே ஒன்று. சோடாக்காரர் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு எடுத்து, துடைத்து, திறந்தார். அந்தச் சத்தம்.

என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தான். நிறுத்தாமல், ஒரே மூச்சில். ஏப்பம் விட்டான். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நாலு மாசமா நடக்கறேன் மாமு. திருவொத்தியூர்லர்ந்து எர்ணாவூரு வரிக்கும் டெய்லி. முட்டி நோவோட. கூயு குடிச்சுக்கினு. ஒரு கிலோ எறங்கல. எங்கிட்டதான் இன்னாவோ கோளாறு, அவனால முடிஞ்சுது, எனக்கு யோக்கியத இல்லன்னு நெனச்சுக்கினு கீறேன்." பாட்டிலை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான். "நாலு மாசமா இத தொடல. நீ சொன்னன்னு."

பாட்டிலைக் கடையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் போனான். பாட்டிலின் அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு விரல்கடை மிச்சமிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதும் எனக்கு எச்சில் ஊறியது.